மரத்தட்டில் கிடந்த ஸ்பார்க் பிளக்

என் வாழ்க்கையில் நான் திருடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஸ்பார்க் பிளக். அதையும் ஒரு நல்ல மனிதரைத் துரோகி என்று நிரூபிப்பதற்காகத் திருடினேன். வெட்கப்பட வேண்டிய காரியம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய துப்பறியும் சாதனையாகத் தெரிந்தது. என் எழுத்து மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ சீமைக் கலைப்பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் லேபிள் ஆர்டர் பார்க்கிற வேலை எனக்கு. முதலாளிக்குப் பட்டாசு தொழில். மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் உயிர். மூன்று வண்டிகள், ஓட்டுவதற்கு இரண்டு பேர், இவர்களையெல்லாம் கட்டி மேய்க்க ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. ஆண்டுக்கொரு முறை சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்துக்கு இந்தப் படை லாரியேறிப் போகும். தெற்கே இதைவிடப் பெரிய அணி கிடையாது. விருதுநகர் மிளகாய் வியாபாரி ஒருவர் வைத்திருந்த ஒற்றைப் பந்தயக் காரைத் தவிர, வேறு அணியே கிடையாது. ஜெயித்தால் எங்கள் வண்டியின் படம் வெடிப் பாக்கெட்டில் வரும். தோற்றாலும் வரும், லேபிள் பந்தயத்துக்கு முன்பே அச்சாகிவிடும்.

அந்த ஆண்டு ஒரு பேச்சு கிளம்பியது. முதலாளி மோட்டார் சைக்கிளைக் கைகழுவிவிட்டுக் கார்ப் பந்தயத்துக்கு மாறப்போகிறார். கார்க்காரர்களின் படம்தான் பத்திரிகையில் வருகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். மாறினால் கார் தெரிந்த ஆள் சென்னையிலிருந்து வருவான்; இரண்டு சக்கரத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட அண்ணாச்சிக்கு வேலை போய்விடும். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். முதலாளி அறைக்கு டீ இரண்டு போனால் ஆபீசே சந்தேகப்பட்டது. மூன்று போனால் முடிவு கட்டியது. அண்ணாச்சி மட்டும், "மாறுனா மாறட்டும் தம்பி. நாலு சக்கரம்னா நாலு பஞ்சரு, அம்புட்டுத்தானே" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் இடித்தது. வேலை போகப்போகிறவன் சிரிப்பானா? வேறு இடம் பார்த்து வைத்தவன்தான் சிரிப்பான். அப்போது நான் வாரத்துக்கு இரண்டு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டாசு ஆலைக்குள் இரும்பு நுழையக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டி முதல் வீட்டுச் சாவி வரை ஒரு மரத்தட்டில் வாங்கி வைத்துக்கொள்வார். ஒருநாள் முதலாளியைப் பார்க்க வந்த அண்ணாச்சி அந்தத் தட்டில் ஒரு ஸ்பார்க் பிளக்கை வைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே கிளம்பிக்கொண்டிருந்த நான் உற்றுப் பார்த்தேன். எங்கள் வண்டி பிளக்கைவிடப் பருமன். சந்தேகமே இல்லை, காருடையது! வாட்ச்மேன் வேறொரு ஆளிடம் பீடிக்கட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது என் மடிக்குப் போயிற்று. திரும்பி வந்த அண்ணாச்சி, "ஏலே, இங்கன வச்சத எவம்லே எடுத்தது?" என்று தட்டையே கவிழ்த்துத் தேடினாராம். குற்றமுள்ள நெஞ்சு என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் விருதுநகர் பஸ் ஏறினார். நான் கடைசி சீட்டில் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து, "ஒங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. முன்னால இருக்க அண்ணாச்சி எடுத்துட்டாக" என்றார். இறங்கும்போது அண்ணாச்சி, "என்ன தம்பி, விருதுநகர்ல என்ன சோலி?" என்று கேட்க, "பல்லுவலி அண்ணாச்சி, டாக்டரைப் பார்க்கணும்" என்றேன். டிக்கெட்டை என் வாயை அடைக்கப் போட்ட பூட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பின்தொடர்ந்தேன். நேராக மிளகாய் வியாபாரியின் கார் கொட்டகைக்குப் போனார். மூட்டைகளுக்குப் பின்னால் தும்மலை அடக்கிக்கொண்டு நின்ற நான், வியாபாரி எதையோ தாளில் சுற்றிக் கொடுத்ததையும், இருவரும் சிரித்ததையும் கண்ணால் கண்டேன்.

மறுநாள் முதலாளியிடம் பிளக்கைக் காட்டாமல் மற்றதை எல்லாம் சொன்னேன். "அவனுமாலே?" என்றார், அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் விளக்கம் கேட்கிற வழக்கம் இல்லை. பந்தயத்துக்கு லாரியில் போகிறவர்களின் பட்டியல் ஆபீஸ் சுவரில் ஒட்டப்படும். அந்த ஆண்டுப் பட்டியலில் அண்ணாச்சி பெயர் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அணி காருக்கு மாறியது. சென்னை ஆள் கழற்றிப் பூட்டிய கார் மூன்றாவது சுற்றில் நின்றது, நின்றது நின்றதுதான். அடுத்த ஆண்டு அணியே இல்லை. அந்தத் தீபாவளிக்கும் பாக்கெட்டில் மோட்டார் சைக்கிள் படம்தான் வெடித்தது. அண்ணாச்சி வேறு போக்கிடமில்லாமல் மிளகாய் வியாபாரியிடமே வேலைக்குச் சேர்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவரை அங்கே அனுப்பி வைத்ததே நான்தான் என்பது என் புத்திக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின.

எட்டியபோது அவருடைய இளைய மகள் கல்யாணம் வந்தது. பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பிளக்கை அவர் கையில் வைத்தேன். கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அட, இது முதலாளி தோட்டத்து பம்ப்செட்டு பிளக்குல்லா! செத்துப்போச்சு, வேற வாங்கணும்னு அவுகள வாசலுக்குக் கூட்டியாந்து காட்டத்தான் கொண்டாந்தேன். மாதிரிக்கு வச்சிருந்ததயும் காணும். கடையில என்னன்னு கேப்பேன்? காரு பிளக்கும் அதுக்குச் சேரும், அதான் அந்த யாவாரிகிட்டப் போயி பளசு ஒண்ணு கேட்டு வாங்கியாந்தேன்."

தாளில் சுற்றிக் கொடுத்தது அதுதான். நான் திருடியிருக்காவிட்டால் அவர் விருதுநகர் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டார். பிளக்கை என் கையிலேயே திருப்பி வைத்தார். இன்றும் மேசையில் இருக்கிறது. சந்தேகப்பட்டு எதையாவது எழுதத் தோன்றும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அன்று கோபமாக நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்து நின்றேன். அண்ணாச்சி வெற்றிலையை மடித்து என்னிடம் நீட்டியபடி உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"ஆமா, அன்னைக்கு பஸ்ஸுல சொன்னீகளே தம்பி, அந்தப் பல்லுவலி தேவலையா?"