செவலையின் தவக்காலம்

நாய்த் தீவனக் கடையில் சாப்பிடுகிறவர் ஒருநாளும் வந்து குறை சொல்ல மாட்டார். அவர் சார்பில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் வந்து சொல்வார்கள். கம்பம் ஊரில் மாட்டுத் தீவனத்தோடு நாய்களுக்கான உருண்டைத் தீவனமும் விற்கிறேன். சோறாக்கிப் போடவா, பாக்கெட்டைப் பிரித்துப் போடவா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. கடையில் நிற்கிறவர்களுக்கும், வீட்டில் நாய்த்தட்டோடு கெஞ்சி நிற்கிறவர்களுக்கும் என் கஷ்டம் புரியும். இந்த வருஷம் ஒரே ஒரு வீடு என்னைப் படுத்திய பாட்டை மட்டும் சொல்கிறேன்.

ருசி பார்த்தவர்

சூசையண்ணன் கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறவர். அவருடைய நாய் செவலை, அசல் கோம்பை இனம். அப்போது சினையாக இருந்தது. உருண்டைத் தீவனம் கொடுத்துப் பாருங்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக நாலு உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மனிதர் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடக் கடக்கென்று மென்றார். நான் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. எங்க செவல கறிக்கொழம்புச் சோத்துல வளந்த பிள்ள ஆத்தா. இத மோந்துகூடப் பாக்காது."

பாக்கெட்டில் இருந்த கோழி

செவலை ஐந்து குட்டி போட்ட அதே வாரம், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. அந்த வீட்டில் தவக்காலம் என்றால் ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் படியேறாது. கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவார்கள். வீட்டில் என்ன சோறோ, அதுதான் நாய்க்கும். ஐந்து குட்டிக்குப் பால் கொடுக்கிறவளுக்கு ரசஞ்சோறு! பால் வற்றி, ஒரு குட்டி செத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் சூசையண்ணனின் மனைவி ஆரோக்கியமக்கா கடைக்கு வந்தார். "கறியோ முட்டையோ உப்புக் காரம் இல்லாம வேகவச்சுச் சோத்துல பெசஞ்சு போடுங்கக்கா. இல்லாட்டி இந்தத் தீவனத்த வெந்நீர்ல ஊறவச்சுக் குடுங்க. ரெண்டுல எதுன்னாலும் சரி, வெறுஞ்சோறு மட்டும் வேணாம்" என்றேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதில் அச்சடித்திருந்த கோழியின் மேல் விரலை வைத்தார்.

"இது கறியில சேத்தியா, தவுட்டுல சேத்தியா? உள்ளதச் சொல்லு ஆத்தா."

உண்மை பேசிய கடைக்காரி

கோழியை உலர்த்தி அரைத்துச் சேர்த்தது என்று சொல்லித் தொலைத்தேன். பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். வியாபாரம் போனது கிடக்கட்டும். மூன்றாம் நாள் சூசையண்ணன் போன் பண்ணி, இன்னொரு குட்டியும் போய்விட்டது என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாயும் ஒருசந்தி விரதம் இருக்கணுமான்னு உங்க சாமியார்கிட்டயே கேட்டுட்டு வாங்கண்ணே!" என்று கத்திவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஆரோக்கியமக்கா கோயிலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்தவரின் கண் வீங்கியிருந்தது. சாமியார் சொன்னதை அப்படியே சொன்னார்:

"'அதுக்கு நான் ஞானஸ்நானமே குடுக்கலையேம்மா, அது எதுக்கு ஒருசந்தி இருக்கணும்'னு கேட்டாக. ரெண்டு உசுர நாந்தேன் கொன்னுட்டேன்."

வெள்ளிக்கிழமை வாசனை

இப்போதாவது வாங்குவார் என்று பாக்கெட்டை எடுத்து வைத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். பட்டினி போட்ட கையாலேயே ஆக்கிப் போட வேண்டுமாம். பரணிலிருந்து சட்டி இறங்கியது. தினமும் இரண்டு வேளை கோழியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து செவலைக்கு ஊட்டினார். வீட்டு மனிதர்களுக்கு அதே ரசம்தான். நாலைந்து நாளில் பால் சுரந்துவிட்டது. மிச்சமிருந்த மூன்று குட்டிகளும் வயிறு புடைக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்குகிற படத்தைப் போனில் அனுப்பியிருந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, நான் கடை திறக்குமுன்பே சூசையண்ணன் வாசலில் நின்றார். குட்டிகளுக்கு என்னமோ ஏதோ என்று ஓடிப்போய் விசாரித்தேன். தாயும் பிள்ளைகளும் நல்ல சுகம் என்றார். இளைத்திருந்தது அவர்தான்.

"ஏத்தா, அந்த உருண்டையில ஒரு பெரிய மூட்டையக் குடு. நேத்து வெள்ளிக்கெழம ஒருசந்தி, ஒரு வேளதேன் சோறு. அங்கன கோழி கொதிக்குது, இங்கன நான் ரசஞ்சோத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இன்னொரு வெள்ளி இப்பிடிப் போச்சுன்னா, செவல தட்டுலயே கைய வச்சுருவேன்."

நாயின் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று நானும் விளக்கிக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் சோறா பாக்கெட்டா என்பது என்னவோ வளர்க்கிறவர் எதைத் தாங்குவார் என்பதை வைத்துத்தான் முடிவாகிறது.