கிழக்கு பார்த்த பொய்மான்

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமையை நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன். லண்டனில் குரோய்டனுக்குத் தெற்கே அக்காவின் கணவர் வாங்கிய இரண்டு ஏக்கர் காணியில் ஆப்பிள் கன்றுகளை மான்கள் கடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தன. அத்தானிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு திசையில்தான் சுடலாம். கிழக்கு எல்லையில் உயரமான மண்மேடு. தவறிப்போகும் குண்டை அது வாங்கிக்கொள்ளும். மேற்கு எல்லையில் வெறும் செடிவேலி, அதற்கு அப்பால் ஆட்கள் நாயோடு நடக்கும் பாதை.

மானை மண்மேட்டின் முன்னால் நிறுத்தத்தான் பொய்மான் வாங்கினோம். பிளாஸ்டிக் பெண்மான். இணைசேரும் பருவத்தில் ஆண்மான் அதன் பின்பக்கமாக வந்து நிற்கும். ஆகவே அதன் முகம் மேற்கேயும் பின்பக்கம் மண்மேட்டை நோக்கியும் இருக்க வேண்டும். வெள்ளி மாலை திசைகாட்டி வைத்து நட்டேன்.

அக்கா சந்தனத்தோடு வந்தாள்.

"புதுச் சாமானுக்கு ஒரு பொட்டு வைக்காமல் விடுறதே?"

"இது கார் இல்லையப்பா, மான்," என்றார் அத்தான். "கற்பூரம் கொளுத்தினா ஒண்டும் கிட்ட வராது."

"அப்ப பொட்டு மட்டும்."

நாங்கள் சாமான்களை ஏற்றப் போன நேரத்தில், புதுக் காரை நிறுத்துவதுபோல அவள் அதைக் கிழக்கு முகமாகத் திருப்பி நட்டுவிட்டுப் பொட்டு வைத்திருக்கிறாள். அப்போது எங்களுக்குத் தெரியாது.

விடியுமுன் தெற்கு மூலையில் போய் உட்கார்ந்தோம். மனித வாடை படும் என்று பொய்மானருகே போகவில்லை. போய்ப் பார்த்திருக்க வேண்டியவன் நான். புல்வெளியில் பனிப்புகை.

ஐந்து நாற்பதுக்கு ஆண்மான் வந்தது. தலையைத் தாழ்த்தி, நின்று நின்று வந்தது. அத்தான் துப்பாக்கியைத் தோளில் பதித்தார். அப்போதுதான் புகை விலகிப் பொய்மானின் தலை தெரிந்தது. எங்களுக்கு இடப்பக்கம், மேற்கே இருக்க வேண்டிய தலை வலப்பக்கம் இருந்தது. ஆண்மான் நின்றது வேலிக்கு முன்னால்.

"அத்தான், பொறுங்கோ."

"வாயை மூடு. வடிவா நிக்குது."

"பின்னாலை மண்மேடு இல்லை. பாதை, அத்தான்!"

அவருடைய கண் துப்பாக்கி மேலிருந்த குழல்நோக்கியை விட்டு அகலவில்லை. அதற்குள் மான் மட்டும்தான் தெரியும். நான் அவர் தோளைத் தொட நினைத்தேன். தொட்டால் வெடித்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"ஆள் வந்தா?" என்றேன்.

அவர் தலையை உயர்த்தினார். வேலியின் இடைவெளிகளில் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. நாய் ஒன்று குரைத்தது. மான் பாய்ந்து மறைந்தது. சிவப்பு மழைச்சட்டை போட்ட பெண் ஒருத்தி, எங்களைக் காணாமலே, நாயைச் செல்லமாகத் திட்டியபடி நடந்து போனாள்.

அத்தான் குண்டை வெளியே எடுக்க முயன்றார். நான் தொடக்கூடாது, லைசென்ஸ் அவர் பெயரில். மூன்றாம் முறைதான் குண்டு புல்லில் விழுந்தது.

"ஆரடா அதைத் திருப்பினது?"

"தெரியாது. நான் பாக்கேல்லை. பாத்திருக்க வேணும்."

"நானும் பாக்கேல்லை." சற்று நேரம் தன் வலது கையையே பார்த்தார். "விரல் உள்ளுக்கை, விசையிலை இருந்ததடா."

பிறகு எழுந்து வேலிவரை நடந்தார். அந்தச் சிவப்புச் சட்டை திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றார்.