ராஜாத்தியைக் கூப்பிடாத நான்கு சனிக்கிழமைகள்

எங்கள் நடைச் சங்கத்துக்கு ஐந்து வருடம் முடிகிறது. சின்னதாக ஒரு மலர் போடலாம், ஆளுக்கு ஒரு உறுப்பினரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று தலைவர் இராஜாங்கம் சார் சொன்னார். சார் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். நீடாமங்கலம் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் ராஜாத்தி அம்மாளைப் பற்றி நான்தான் எழுதுவேன் என்று கேட்டு வாங்கினேன். "நாலு நல்ல விஷயமா எழுதுங்க மணிவண்ணன்" என்றார் சார். நல்ல விஷயம் நாற்பது இருக்கிறது. அதோடு என்னுடைய கெட்ட விஷயம் ஒன்றும் சேர்ந்துதான் வரும். அதை எடுத்துவிட்டால் மிச்சமும் பொய்யாகிவிடும். சார் வெட்டக் கூடாது.

ராஜாத்திக்கு அறுபத்திரண்டு வயது. வெண்ணாற்றங்கரையில் காலனித் தெரு. நான் பிறந்ததும் அந்தத் தெருதான். கடை ஓடத் தொடங்கியதும் நான் ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அவர் சின்னம்மா முறை. என் அம்மா அம்சமும் அவரும் ஒரே கூட்டத்தில் நடவுக்குப் போனவர்கள்.

முப்பது வருடம் அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் ராஜாத்தி சின்னம்மாதான். நாளைக்கு இன்னார் வயலில் நடவு, பதினாலு ஆள் வேண்டும் என்று முதல் நாள் பொழுது சாயும்போது சேதி வரும். விடியுமுன் சின்னம்மா வீடு வீடாகப் போய்க் குரல் கொடுப்பார். கதவைத் தட்ட மாட்டார். வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குரல் வந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். குரல் வராமல் தாண்டிப் போனால் அந்த வீட்டுக்கு அன்று வேலை இல்லை. தெருவுக்கே அது தெரிந்துவிடும்.

ஒருமுறை நீலாம்பாள் என்கிற பெண்ணோடு தெருக்குழாயில் பெரிய சண்டை. குடம் உருண்டது, மயிரைப் பிடித்துக்கொண்டார்கள், நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. மறுநாள் விடியுமுன் சின்னம்மா முதல் குரல் கொடுத்தது நீலாம்பாள் வாசலில். அப்புறம் என் அம்மா இதைப் பற்றிக் கேட்டதற்கு, "சண்டை குழாயடியில. அவ புள்ள என்ன பண்ணிச்சு?" என்று சொன்னாராம். வேண்டாதவள் என்று அவர் ஒரு வீட்டைத் தாண்டிப் போனதாக எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இளையவள் செம்மொழி தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள். நட்டுச் சேர்த்ததில் ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, சொந்தமாக வாங்கியிருக்கிறார். அந்த ஒரு மாவைப் பற்றி அவர் பேசினால் நூறு வேலிக்காரர் பேசுவதுபோல இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு சர்க்கரை வந்தது. ஆஸ்பத்திரியில் தினம் நடக்கச் சொன்னார்கள். "பொழுதன்னைக்கும் வயல்லதானே நிக்கிறேன்" என்று இவர் சொல்ல, குனிந்து நிற்பது நடையாகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்வே கேட் பக்கத்தில் ஜெகபர் அலி டீக்கடையில் நாங்கள் இருபது பேர் கூடி நிற்பதைப் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்திருக்கிறார். வாங்கம்மா என்றார் சார். சங்கத்து நீல பனியனையும் கொடுத்தோம். நடவுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வது போல அதைப் போட்டுக்கொண்டு வந்தார்.

வெண்ணாற்றங்கரையோடு, ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு வரை போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். எல்லாருக்கும் கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் நான் நடக்க வேண்டும். யாரும் தவறிவிடக் கூடாது என்பதற்காகச் சார் எனக்குக் கொடுத்த பொறுப்பு அது. கடைசியில் வருவது எப்போதும் சின்னம்மாதான். முட்டி பிடிக்கும். சேறு கண்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். நடுவில் நின்று யாரோ ஒருத்தர் வயலைப் பார்த்து, தண்ணி கட்டாமல் எங்கே போனான் இவன் என்று திட்டுவார். முன்னால் போகிறவர்கள் அரசியலும் பிள்ளைகள் படிப்பும் பேசிக்கொண்டு போவார்கள். எனக்கும் அவர்களோடு நடக்க ஆசை. சங்கத்தில் சின்னம்மா என்று கூப்பிடாமல் மற்றவர்களைப் போல அம்மா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் சொன்னதில்லை.

போன ஆடியில் தலைப்பு மேட்டில் உட்கார்ந்து இளைப்பாறும்போது சின்னம்மா எல்லாரிடமும் சொன்னார். "மணி அம்சத்தோட புள்ளதான். வயலுக்கு அவளுக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டு வருவான். ஒருநாள் வரப்புல வழுக்கி தூக்கோட உழுந்து, கஞ்சியெல்லாம் சேத்துல. ஒக்காந்து அழுவுறான் பாருங்க." எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக்கடை நாகநாதன், "அட, நம்ம கஞ்சி மணி" என்றார். அன்றிலிருந்து அது பேராகிவிட்டது. கடைக்கு மோட்டார் கொண்டுவந்தவர் ஒருவர்கூடக் கஞ்சி மணி கடை இதுதானே என்று கேட்டார்.

நாகநாதனை நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனிதர். என் கோபம் சின்னம்மா மேல் திரும்பியது.

புரட்டாசியில் நடை நேரத்தை மாற்றினோம். ஐந்தே முக்காலுக்குப் பதில் ஐந்து மணி. வாட்சப்பில் சேதி போட்டாயிற்று. வாட்சப் இல்லாதவர்கள் இரண்டு பேர். மின்வாரியத்தில் இருந்த மருதையன், அப்புறம் சின்னம்மா. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குப் போன் பண்ணுவதும் என் பொறுப்பு. மருதையனுக்குப் பண்ணினேன். சின்னம்மா நம்பரை எடுத்தேன். பேர் தெரிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

மறுநாள் முன்வரிசையில் நடந்தேன். ராஜாத்தியம்மா எங்கே என்று சார் கேட்டார். நடவு நேரம், வேலையிருக்கும் என்றேன். அவரும் நம்பினார்.

அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் பாதி தூரம் போயிருப்போம், என் போன் அடித்தது. சின்னம்மா. கூட்டத்தை விட்டு ஒதுங்கி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினேன்.

"மணி, போன வாரமும் வந்தேன், யாரையும் காணும். இன்னைக்கும் காணும். நடை இல்லியாடா?"

"இல்ல. கொஞ்ச நாளைக்கி நிறுத்தி வெச்சிருக்காங்க."

"அப்படியா. சரிப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பாத்திரத்தையாவது கழுவியிருப்பேன்."

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை ஜெகபர் அலி என் கடைக்கு வந்தார். மிக்ஸி மோட்டார் புகைகிறதாம். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். நேற்று அந்த அம்மா டீக்கடையில் உட்கார்ந்து நடை நின்றுபோச்சாமே என்று கேட்டதாம். இவர் ஒன்றும் தெரியாமல், யார் சொன்னது, ஐந்து மணிக்கே போனார்களே என்று சொல்லிவிட்டார். "பேசாம டீயைக் குடிச்சுட்டு எழுந்து போச்சு பாய். நான் ஏதும் தப்பா சொல்லிட்டனா?" என்று என்னைக் கேட்டார். அவர் எல்லாரையும் பாய் என்றுதான் கூப்பிடுவார். தப்பு இல்லை என்றேன். மிக்ஸியைக் கழற்றத் தொடங்கி ஸ்க்ரூவைத் தொலைத்தேன்.

மூன்றாவது, நான்காவது சனிக்கிழமைகளில் கூப்பிடாததற்குக் கோபம் காரணமில்லை. அதற்குள் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். நாளாக ஆகப் போனை எடுப்பது கனமாகிக்கொண்டே போனது.

நான்காவது ஞாயிற்றுக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. கரை வழுக்கியது. வெயில் ஏறத் தொடங்கும்போது வயல் பக்கமிருந்து குரல். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். சின்னம்மா தன்னுடைய ஒரு மாவில் நாலைந்து பெண்களோடு நட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்று கையை ஆட்டினார். "அந்தால போவாதீங்க, மதவுகிட்ட கரை அறுத்திருக்கு. எறங்கி வரப்போட சுத்திப் போங்க." சார் முன்னால் போய் எட்டிப் பார்த்தார். மதகு ஓரத்தில் மேலே புல் அப்படியே இருக்கிறது, அடியில் மண் இல்லை. இன்னும் பத்தடி போயிருந்தால் முன்வரிசையில் யாராவது உள்ளே போயிருப்பார்கள். முன்வரிசையில் நானும் இருந்தேன்.

எல்லாரும் வரப்பில் இறங்கி அவர் வயலைத் தாண்டி வந்தோம். நீல பனியனைத்தான் சேலைக்கு மேல் போட்டிருந்தார். சேறு தெறித்துப் பாதி நீலம் தெரியவில்லை. "என்னம்மா, ஒரு மாசமா ஆளையே காணும்?" என்று சார் கேட்டார்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவு பேர் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனி சங்கத்துப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

"நடவு வேலை சார்" என்றார். குனிந்து அடுத்த நாற்று முடியைப் பிரித்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் ஆகாது. அதைப் பார்த்ததும் நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு போய்விட்டது.

"என்ன மணி, எங்க வீட்ல மோட்டாரே இல்லியே" என்றார்.

நான் வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை என்று சொன்னேன்.

"தெரியும்டா. முப்பது வருஷம் ஆள் கூப்புட்டவ நானு. மறந்துபோயி எவளும் ஒரு வாசலைத் தாண்டிப் போவ மாட்டா. எதுக்குன்னுதான் புரியல. மெதுவா நடக்குறேன்னா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதுவாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். கஞ்சிக் கதையைச் சொன்னதற்காக என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த விரலிடுக்கில் மஞ்சளை வைத்தார்.

"கேலிக்கா சொன்னேன்? நீ கஞ்சி போச்சேன்னு அழுவலடா. ஒங்கம்மா முந்தின நாளும் சாப்புடல. அது ஒனக்குத் தெரியும். இன்னைக்கும் பட்டினியா நடுமேன்னு அழுத. அப்பறம் ஆளுக்கு ஒரு கை அவவ தூக்குலேருந்து எடுத்து ஒங்கம்மாவுக்குக் குடுத்தோம். ஒனக்கும் குடுத்தோம். அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள சிரிச்சுட்டாங்க. விட்டுட்டேன்."

இந்தப் பாதி எனக்கு மறந்தே போயிருந்தது. விழுந்ததும் சிரித்ததும் மட்டும்தான் நினைவிருந்தது.

மன்னிச்சுடு சின்னம்மா என்றேன். "சரி விடு. இனிமே சொல்ல மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த சனிக்கிழமை போன் பண்ணினேன். ஞாயிறு ஐந்து மணிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். என் அம்மா பேரை எடுப்பதில்லை. பழைய தெருவைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாகநாதன் கஞ்சி மணி என்றால் இவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். நான் பின்னால் நடக்கிறேன், முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன், பரவாயில்லை என்கிறார். டேய் என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

போன மாதம் வங்கியில் வேலை பார்க்கும் ஜீவிதா என்கிற பெண் புதிதாகச் சேர்ந்தது. தலைப்பு மேட்டில் உட்கார்ந்திருந்தோம். யார் யாருக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்த அந்தப் பெண், "இவரை உங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியுமா பாட்டி?" என்று என்னைக் காட்டிச் சின்னம்மாவிடம் கேட்டது.

"சங்கத்துல பழக்கம்மா" என்றார் சின்னம்மா.

நான் ஆசைப்பட்டது அதுதானே. கிடைத்துவிட்டது. அந்த இடத்திலேயே, அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் நாகநாதன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சார் கிளம்பலாம் என்று எழுந்தார். நானும் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

ஜீவிதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நான் அம்சத்தின் மகன். காலனித் தெருவில் பிறந்தவன். இந்த அம்மா எனக்குச் சின்னம்மா. என் அம்மா பட்டினியாக நட்ட அன்று, தான் குடிக்க வைத்திருந்த கஞ்சியில் ஒரு கை என் வாயில் வைத்தவர். அவரைத்தான் நான் ரயில்வே கேட்டில் ஆளில்லாமல் காத்து நிற்க வைத்தேன்.