நான் கிள்ளிய சூரியகாந்திகள்

போன மழைக்காலத்தில் தோட்டத்தில் துவைக்கிற கல்லருகே பாசியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து மருமகள் புடவைக் கடை வேலைக்குப் புறப்படும்போது தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மகனுக்கு வெளியூரில் வேலை. பிள்ளையார்பாளையத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. எங்கள் வீட்டில் வானம் தெரிகிற இடம், நாலு பாய் விரிக்கிற அளவுள்ள அந்தத் தோட்டம் ஒன்றுதான். ஒன்பது மணியிலிருந்து அவள் திரும்புகிற வரை கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கதவைத் திறந்து வை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தை மாதம் அவளே ஒரு சூரியகாந்தி விதைப் பொட்டலம் வாங்கிவந்தாள்.

"பொழுது போவட்டும் அத்தை. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா பூ முடியற வரைக்கும்தான். மறுபடியும் விழுந்துக்கினு கெடந்தா யாரு பாக்கறது?"

"விழறதுக்கு நான் இன்னா கொழந்தையா?" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகினேன்.

பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு அது எட்டாது. யாரையும் படிக்கச் சொல்லவுமில்லை. வாலாஜாபாத் பக்கம் எங்கள் அப்பா எண்ணெய்க்காகச் சூரியகாந்தி போட்டவர். எனக்குப் பொட்டலமா சொல்லித்தர வேண்டும்?

மண்ணைக் கொத்தி, விரல் கணு ஆழத்தில் எட்டு விதை ஊன்றினேன். மீதியை மதில் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். செடி முழங்கால் உயரம் வந்ததும் இலை இடுக்கிலெல்லாம் பக்கக் கிளை கிளம்பியது. எங்கள் நிலத்தில் ஒரு செடிக்கு ஒரு பூதான். தப்பித்தவறிப் பக்கத்தில் ஒரு மொட்டு வந்தாலும் கிள்ளிவிடுவோம், அப்போதுதான் பூ பெருத்து விதை நிரம்பும். அதே பழக்கத்தில் காலையும் மாலையும் ஒன்று விடாமல் கிள்ளினேன்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, தழையறதெல்லாம் பிச்சிப் போட்டுக்கினு கீற?"

"தறியில உக்கார்றவளுக்குச் செடியப் பத்தி இன்னா தெரியும்? கிள்ளாம வுட்டுப் பாரு, பூ சட்டைப் பொத்தானாட்டம் வரும்."

"வந்தா ஜாக்கெட்டுக்குத் தச்சுக்கறேன் போ."

பங்குனியில் என் செடிகளில் செடிக்கு ஒரே பூ, கம்பத்தில் கட்டிவைத்தது மாதிரி. பத்தே நாள், இதழ் கொட்டிவிட்டது. அவள் செடிகளிலோ உச்சிப் பூ வாடிய பிறகுதான் கிளைக்குக் கிளை மொட்டு விரிந்தது. சின்னப் பூக்கள்தான், ஆனால் ஒன்று வாடினால் நாலு மலர்ந்தது. பொட்டலத்துப் படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரே செடியில் ஏழெட்டுப் பூ. அது கிளைத்துப் பூக்கிற ரகம். இன்னும் பல வாரம் திறந்திருக்க வேண்டிய கதவை என் நகத்தாலேயே கிள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்து பார்த்தாள். "அவங்க வூட்ல இன்னும் பூக்குது. நம்மளுது மட்டும் ஏன் அத்தை அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு?"

தப்பாகக் கிள்ளிவிட்டேன், இன்னொரு தரம் விதைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் மறுத்திருக்க மாட்டாள்.

"ஒசத்தி ரகம்னா அப்படித்தான், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன். அவள் கேட்பதற்கு முன்பே சாவியை எடுத்து நீட்டினேன்.

இப்போது அடுப்படி ஜன்னல் கம்பி வழியாக, மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் பூக்கள் தெரிகின்றன. நேற்று அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அக்கா, கதவத் தொறந்துக்கினு வாயேன், ரெண்டு பூ தரேன்."

"சாம்பார் கொதிக்குதுடி, நகர முடியாது" என்றேன். அடுப்பை நான் பற்றவைத்திருக்கவே இல்லை.