ஸ்டெல்லாவிடம் கேட்ட கேள்விகள்

போன வாரம் ஜங்புரா மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டி மாட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெயிலில் போனவர்கள் நின்று மூச்சை இழுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் வேகமாக நடந்து கடந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, லோதி ரோடு ஆபீஸில் அந்த வாசனை அடித்த அறையில்தான் ஒருவரின் வேலைக்கு நான் உலை வைக்கப் பார்த்தேன்.

ஸ்டெல்லாவுக்குக் காது கேட்காது. நாகர்கோவில்காரர். எங்கள் செக்‌ஷனுக்கு அவர் வந்த அன்றே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நீயும் மதராசி, அந்தப் பொண்ணும் மதராசி. அச்சா, நீயே பாத்துக்கோ."

கைமொழிக்கும் மதராசுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பெருமையாக இருந்தது. ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்ததில் எனக்கு முப்பது சைகை தேறியது. பாதி டீ, சமோசா சம்பந்தப்பட்டவை. மீட்டிங்கில் அரைமணி நேரம் பேசுவார்கள். நான் "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று கை காட்டிவிடுவேன்.

அவருடைய வேலையை நிரந்தரமாக்க நேர்காணல் வைத்தார்கள். தவறினால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று அதிகாரிகள், ஒரு கூலர், துணைக்கு நான்.

முதல் கேள்வியை என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அதற்கான சைகை என் முப்பதில் இல்லை. பதில் தெரியும். சொல்லிவிட்டேன். இரண்டாவதும் தெரியும். மூன்றாவதற்கு அவர்கள் தலையாட்டியபோது என் வேலையே நிரந்தரமாவதுபோல் குஷியாகிவிட்டது. கைகள் இரண்டும் மடியில் தூங்கின.

ஸ்டெல்லா என் வாயையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு சீட்டில் தமிழில் எழுதி என் முன்னால் தள்ளினார். "இன்டர்வியூ எனக்கா, உங்களுக்கா?"

"என்ன எழுதியிருக்காங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

பொய் சொல்ல அரை நொடி இருந்தது. உள்ளதை அப்படியே இந்தியில் சொல்லிவிட்டேன். போச்சு, என்னால்தான் போச்சு என்று நினைத்தேன். நடுவில் இருந்தவர் பேனாவைத் திறந்து அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

முக்கால் மணி நேரம் இருவரும் எழுதிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் தவித்தேன். எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா நிமிராமலே, அப்புறம் சொல்கிறேன் என்று கை காட்டினார்.

வேலை நிரந்தரமானது. அவர் போட்ட முதல் விண்ணப்பமே, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதுதான். இப்போது மீட்டிங் நடக்கும்போது கணினித் திரையின் ஓரத்தில், வீடியோவில் ஒரு பெண் எல்லாவற்றையும் கைமொழியில் சொல்கிறார், அதிகாரியின் மொக்கை ஜோக் உட்பட. ஸ்டெல்லா அதைப் புரிந்துகொண்டுதான் சிரிக்காமல் இருக்கிறார்.

யாராவது வாய் திறந்ததும் சட்டென்று என் பக்கம் திரும்பிய ஸ்டெல்லாவின் முகம் இப்போது திரையின் பக்கம் திரும்புகிறது. அதற்காக வருத்தப்படுவது அயோக்கியத்தனம். கொஞ்சம் வருத்தப்படுகிறேன்.