வயிறு வைத்த கேன்

செம்பனை எண்ணெய் காய்ச்சி விற்கும் அடியாஹா எதையும் பீர் பாட்டிலால்தான் அளப்பாள். வியாபாரி எத்திம் கொண்டுவந்த இருபத்தைந்து லிட்டர் கேனில், கணக்குப்படி எல்லாப் பாட்டில்களையும் ஊற்றிய பிறகும் எண்ணெய் கழுத்தை எட்டவில்லை. கொதிநீர் ஊற்றிக் கேனை உப்பவைத்திருந்தான்.

“கழுத்து வரைக்கும் ஊத்துக்கா. மத்தவங்கல்லாம் பேசாம ஊத்துறாங்கல்ல.”

“கேனுக்கு எத்தன மாசம்டா?”

எங்கள் பீப்பாய்களோடு வரிசையில் நின்ற மற்ற எண்ணெய்க்காரிகள் நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

“அவிச்ச பழத்தச் சுடச்சுட இடிச்சு இடிச்சு எங்க கை வெந்து கெடக்கு. இந்த வயித்துக்குள்ள போனதெல்லாம் எங்க எண்ணெய்டா.”

கேனைத் தூக்கித் தன் பீப்பாயிலேயே கவிழ்த்தாள். எண்ணெய் மெதுவாக இறங்கியது.

“லாரி கெளம்பணும்க்கா.”

கடைசிச் சொட்டு விழும்வரை அவள் கேனை நிமிர்த்தவில்லை. அதற்குள் நாங்களும் எங்கள் பீப்பாய்களை மூடிவிட்டோம்.