உறையாத தொட்டி

முப்பத்தொரு குளிர்காலம் டார்லீன் பவ்லிக் கோடரியும் கையுமாகத்தான் இருந்தாள். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் மாடு வைத்திருப்பவளுக்கு வேறு வழியில்லை. காலையிலும் மாலையிலும் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியை உடைத்தாக வேண்டும். போன வருடம் வலது தோளைத் தூக்க முடியாமல் போனது. தம்பி மெர்வ் அந்த இரும்புத் தொட்டிக்குள் மின்சார ஹீட்டர் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு தண்ணீர் உறையவில்லை.

ஆனால் மூன்று நாளாக மாடுகள் அதைக் குடிக்கவில்லை. முப்பத்தாறும் சினை. மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில் தண்ணீர் ஆவி பறக்கக் கிடந்தது. அவை தள்ளி நின்று பனியை நக்கின. போட்ட உலர்புல்லையும் தொடவில்லை. கண்கள் குழிவிழத் தொடங்கியிருந்தன.

டார்லீனுக்குப் பயம் வந்தால் கை நடுங்காது; வாய்தான் நீளும்.

“மகாராணிங்களா! வெந்நீர் ஆறணும்னு காத்திருக்கீங்களோ?”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெர்வ் சிரித்தான். “உன் வளர்ப்பு அப்படி அக்கா. கோடரியால நாலு போடு போட்டாத்தான் அதுங்க தண்ணின்னே நம்பும்.”

“பல்லைக் காட்டாதடா. இன்னும் ஒரு நாள் இப்படிப் போனா கன்னு வயித்துலயே செத்துரும்.”

அப்போது நெற்றியில் வெள்ளை விழுந்த கிழப்பசு தொட்டியருகே வந்தது. மூக்கைத் தாழ்த்தியது. சட்டென்று தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது.

தண்ணீர் கெட்டுவிட்டதோ? ருசி பார்க்கலாமென்று டார்லீன் கையுறையைக் கழற்றினாள். தொட்டியிலிருந்து சிந்தி ஈரமான பனியில் முழங்காலூன்றி உள்ளங்கையால் அள்ளப் போனாள். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை சுரீரென்று ஏறியது.

“மெர்வ்! பிளக்கைப் பிடுங்கு! தண்ணியில கரன்ட்டு!”

குளிரில் விறைத்த வயர், தொட்டி விளிம்பில் மடங்கிய இடத்தில் வெடித்திருந்தது. ரப்பர் பூட்ஸும் ரப்பர் கையுறையுமாக மூன்று நாள் அதே தண்ணீரைத் துழாவிவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஈர மூக்கோடும் வெறுங்குளம்போடும் நின்றவற்றைத் திட்டியுமிருந்தாள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு மாடுகூட அசையவில்லை. விளிம்பில் கண்ணாடிபோலப் பனி கட்டத் தொடங்கியது. தொட்டியைச் சரி செய்துவிடலாம். மாடுகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

மறுபடி முழங்காலூன்றினாள்.

“நிஜமாவே பிடுங்கிட்டியாடா?”

“இதோ கையில வச்சிருக்கேன், பாரு.”

பார்த்தாள். அப்படியும் கை தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் அந்த மாடுகள் நின்ற இடம் அதுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டாள். குளிர் மட்டுமே இருந்தது.

இரு கைகளிலும் அள்ளி நீட்டினாள். விரல்கள் மரத்துப்போகும்வரை கிழப்பசு அவளையே பார்த்தது. பிறகு சொரசொரப்பான நாக்கு உள்ளங்கையில் பட்டது. இன்னொரு முறை அள்ளினாள். மூன்றாவதுக்குக் காத்திராமல் அது தலையைத் தொட்டிக்குள் விட்டது. மற்றவை முட்டி மோதிக்கொண்டு வந்தன.

மெர்வின் குரலில் சிரிப்பில்லை. “நாளைக்கே வயரை மாத்திடறேன் அக்கா.”

“மாத்து. மாத்தினதும் முதல்ல வெறுங்கையை விடறது நீதான்.”

அதுவரை பனியை உடைக்க, கொட்டகைக்குப் போய்க் கோடரியை எடுத்து வந்தாள், இடது கையால்.